சின்னவள் வரும் பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; என் வலது தோள்பட்டை மட்டும் சம்மதிக்க மறுக்கிறது. அது கிடக்கட்டும். அங்கே உங்கள் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் அத்தையும் நானும் நினைக்காத நாளில்லை.

நீங்கள் கடிதத்தில் கேட்டது நியாயம்தான். கல்யாணமாகியும் நீங்கள் ஓர் ஊரில், அவள் ஓர் ஊரில், நடுவில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு செயற்கைக்கோள் என்றால் எந்த மனுஷன் பொறுப்பான்? ஒன்று அது பேச வேண்டும், இல்லையென்றால் அவள் அதை விட்டுவிட்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது பேசவில்லை. உங்கள் மனைவியும் கல்லூரியில் அவளுடைய கூட்டாளிகளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்த சாமான் அது. ராக்கெட்டில் ஏறிப் போனதிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. போதாக்குறைக்குக் கல்லூரிக் கூரையிலிருந்த பெரிய ஆன்டெனாவைக் காற்று பிடுங்கிப் போட்டுவிட்டது. துறைத்தலைவர் அறையைப் பூட்டிவிட்டு, இந்த வாரக் கடைசிவரை பார்ப்போம், அப்புறம் செத்துவிட்டதாக அறிவித்துவிடுவோம் என்றார். அதனால் இவள் கையில் பிடிக்கிற ஆன்டெனா ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மீன்முள்ளைப் போலக் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எனக்குப் பிடித்தது சனி.

அந்தச் செயற்கைக்கோளுக்குச் சின்னவள் என்று பெயர் வைத்தது உங்கள் அத்தை. சின்னவள் வடக்கும் தெற்குமாகப் பூமியைச் சுற்றுகிறாள். சூரியனோடு அவளுக்கு ஏதோ ஒப்பந்தமாம். நம் தலைக்கு மேலே வந்தால் பொழுது விடியும்போது வருவாள், இல்லையென்றால் பொழுது சாயும்போது வருவாள், மற்ற நேரத்தில் தலைகாட்ட மாட்டாள். காலையில் உங்கள் மனைவியே மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைப் பிடித்தாள். சாயங்காலம் அவள் வகுப்பு எடுக்க வேண்டும், ஆகவே அது என் தலையில் விழுந்தது. அடிவானத்தில் கிளம்புகிறவளை எதிர் அடிவானம்வரை ஆன்டெனாவால் விடாமல் பின்தொடர வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளும். எந்தப் பக்கம் என்று காட்ட உங்கள் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துத் தருகிறேன் அப்பா என்றாள். நகரை வட்டமடிக்கிற பேருந்தைத் தலை நரைக்கும்வரை ஓட்டியவனுக்குப் புள்ளி எதற்கு? சுற்றுகிற வண்டி எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் வரும். காலையில் அவள் வடக்கே பிடித்துத் தெற்கே விட்டதைப் பார்த்து வைத்துக்கொண்டேன், சாயங்காலமும் அப்படியே செய்தேன்.

செய்தேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், பட்டது எனக்குத்தான் தெரியும். முதல் நாள் ஆன்டெனா துணிக்கொடியில் மாட்டி, மூன்றாம் மாடிக்காரரின் போர்வையோடு வானத்தைப் பாதி தூரம் அளந்துவிட்டேன். அவர் மேலே வந்து, காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் தன் படுக்கையறையைக் குறிபார்ப்பதாக நினைத்து ஜன்னலைச் சாத்தினார், பிறகு நான் தினமும் வணக்கம் சொல்வதாக நினைத்துக் கையாட்ட ஆரம்பித்தார். பதிலுக்கு ஆட்டாவிட்டால் மரியாதையாக இருக்குமா? ஆட்டினால் உங்கள் அத்தைக்குக் கோபம். பதிவுப் பெட்டியில் சின்னவளின் குரல் விழவில்லையே தவிர, "தூக்குங்க, இன்னும் தூக்குங்க, சாப்பிட்டதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று உங்கள் அத்தையின் குரல் பளிச்சென்று விழுந்திருக்கிறது. துறைத்தலைவர் கேட்டுவிட்டு, இந்த அம்மா வேலைக்கு வருவார்களா என்று விசாரித்தாராம்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் மனைவி தினமும் வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்பாள். ஒன்றும் இருக்காது. ஒரு பழைய துணியால் ஆன்டெனாவைத் துடைத்துச் சுவரோரம் சாத்துவாள். எனக்கு மனசு கேட்கவில்லை மாப்பிள்ளை. நேற்று அவளே, "விடுங்கப்பா, நான் அவர்கிட்டயே போயிடறேன்" என்றாள். பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். நீங்கள் பார்த்திருக்கிற வீட்டுக்கு மாடியே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் நல்லதுக்குத்தான். அங்கே வந்தபிறகு வானத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனியாவது நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிட்டு, சண்டை போட்டாலும் நேருக்கு நேர் போட்டுக்கொண்டு நிறைவாக வாழ வேண்டும். அத்தையின் அன்பும் ஆசியும் இதோடு வருகின்றன.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இன்று கடைசி நாள் என்பதால் சீக்கிரமே வீடு திரும்பிய உங்கள் மனைவி மாடிக்கு ஏறி வந்தாள். நான் வடக்கே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "அப்பா, தினமும் இப்படித்தான் பிடிச்சீங்களா?" என்றாள். என் தோளைப் பிடித்து அப்படியே தெற்கே திருப்பினாள். சாயங்காலத்துக்குள் பூமி நம்மைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையின் மறுபக்கத்தில் நிறுத்திவிடுமாம்; காலையில் தெற்கே போகிற சின்னவள் சாயங்காலம் தெற்கேயிருந்து வருவாளாம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கீச், கீச் என்று கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். உங்கள் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "பசிக்குதுன்னு கத்தறா" என்றாள் உங்கள் அத்தை. சின்னவளுக்கு ஒரு பக்கத்து ஆன்டெனா விரியவில்லையாம், அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராதாம். காலையில் அவள் எங்களுக்கு அந்த ஊமை முதுகைக் காட்டியிருக்கிறாள், சாயங்காலம் அவள் முகத்தைக் காட்டியபோது நான் முதுகைக் காட்டியிருக்கிறேன்.

துறைத்தலைவருக்கு உடனே சொன்னோம். எந்த ஊரிலிருந்து கேட்டாலும் சரி, கேட்டால் போதும், வேலையை விட வேண்டாம் என்றார். நீங்கள் இருக்கும் ஊரிலும் அவள் விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் வருவாளாம். ஆகவே அந்த வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு, மாடி உள்ள வீடாகப் பாருங்கள். இப்போதிருந்தே தோளுக்கு எண்ணெய் தேய்த்து வையுங்கள். நீங்கள் ஒருத்தியைக் கூப்பிட்டீர்கள். இரண்டு பேர் வருகிறார்கள். சின்னவளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.