ஸ்டே ஆர்டர் சாரும் சனிக்கிழமை லாரியும்

எங்கள் இரும்புலியூர் தெருவில் ஒருவர் விவாகரத்துகூட வாங்கிவிடலாம். ஒரு பழைய கட்டிலைத் தூக்கிப் போட முடியாது. ஸ்டே ஆர்டர் சார் விடமாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவி கமலா அக்காவுக்கும் தெரிந்திருக்கலாம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். அங்கே எத்தனை ஸ்டே ஆர்டர் டைப் அடித்தாரோ, இங்கே வந்து அதைவிட அதிகமாக அவரே கொடுத்தார்.

விஷயம் இதுதான். எங்கள் ஏரியாவில் தினமும் வருகிற குப்பை வண்டி சோபா, மெத்தை, பீரோ எதையும் தொடாது. அதற்கென்று சனிக்கிழமை காலையில் ஒரு லாரி வரும். முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டு, சாமானை வாசலில் வைத்தால் தூக்கிப் போய்விடுவார்கள். மற்ற தெருக்களில் அவ்வளவுதான். எங்கள் தெருவில் மட்டும் லாரிக்கு முன்னால் சார் வருவார். முண்டா பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, காதில் ஒரு ஸ்குரூ டிரைவர். காதில் பென்சில் செருகிய ஆசாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்குரூ டிரைவர் செருகிய காதை எங்கள் தெருவில்தான் பார்க்க முடியும்.

வந்ததும் சாமானைப் பார்க்கமாட்டார். சொந்தக்காரரைத்தான் பார்ப்பார்.

"எத்தனை வருஷமா உங்க வீட்டுல இருக்கு?"

"கல்யாணத்துல வந்தது சார்."

"என்ன தப்பு பண்ணுச்சு?"

ஒரு கட்டில் என்ன தப்பு பண்ணியிருக்க முடியும்? நாம் முழிப்பதற்குள் சார் அதைத் தட்டிப் பார்ப்பார், காலை ஆட்டிப் பார்ப்பார், காதை வைத்துக்கூடக் கேட்பார். பிறகு தீர்ப்பு. "இன்னும் பத்து வருஷம் ஓடும் சார்." அடுத்த நிமிஷம் அது அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். போகும்போது ஒரு முனையை நாம்தான் பிடித்திருப்போம்.

இப்படிச் சேர்ந்து சேர்ந்து, அவர் வீட்டு ஹாலில் மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்கிற நிலை வந்தது. மாடி வீட்டுப் பையன்கள் கழித்துவிட்ட டிரெட்மில்லில் கமலா அக்கா புளி காயவைப்பார். எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கலர் பிடிக்கவில்லை என்று கழற்றிய வெஸ்டர்ன் டாய்லெட்டில் கற்றாழை வளர்ந்தது, மிகச் செழிப்பாக. அவருடைய செல்போன்கூட யாரோ தூக்கிப் போட்டதுதான். அதில் ரிங் சத்தம் வராது. "பேசறதுக்கு அருமையா இருக்கு சார். கூப்பிடறதுதான் தெரியாது" என்பார்.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு சோபா அங்கே போயிருந்தது. மெரூன் கலர், மூன்று பேர் உட்காரலாம். நடு சீட்டில் ஒரு ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் முன்கோபக்காரன். அங்கே உட்காருகிற விருந்தாளி காபி ஆறுவதற்குள் "அப்ப நாங்க கிளம்பறோம்" என்று எழுந்துவிடுவார். அந்த ஒரு உபகாரத்துக்காகவே நான் அதைப் பல வருஷம் வைத்திருந்தேன். என் மனைவி புது சோபா வாங்கிய அன்று அது வாசலுக்குப் போனது, சார் வந்தார், மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

லாரிக்காரர்களில் மூத்தவர் துரை. ஒருமுறை சார் குளித்துக்கொண்டிருந்தபோது லாரி சீக்கிரம் வந்துவிட்டது. ஒரு சாய்வு நாற்காலியை ஏற்றிக் கிளப்பிவிட்டார்கள். சார் ஈரத் துண்டோடு ஓடிவந்து, பின்பக்கமாகத் தொற்றி ஏறி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். துரை அதைக் கவனித்தது பெருங்களத்தூர் சிக்னலில்தான். அதற்குள், யாரோ ஓட்டுக் கேட்டு வருகிறார் என்று நினைத்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒருவர் கும்பிட்டிருக்கிறார். சாரும் பதிலுக்குக் கும்பிட்டிருக்கிறார். திரும்பக் கொண்டுவந்து இறக்கிய துரை அன்றைக்கே சபதம் எடுத்தார். அது முதல் சார் வாசலில் இருக்கிற எதையும் அவர் தொடுவதில்லை. மற்ற தெருக்களில் நல்லதாக ஏதாவது கிடைத்தால் சாருக்கென்று ஒதுக்கிவைத்துக் கொண்டுவந்து தருவதும் வழக்கமாகிவிட்டது.

இப்படியே போயிருக்கும். சாரின் ஒரே மகள் வித்யா உண்டானாள்.

வித்யாவைக் குன்றத்தூரில் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்த சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவை ஹாலில் ஒரு கட்டில் போல்ட்டில் மாட்டி நூல் இழுத்துக்கொண்டது. அதை விடுவித்துவிட்டு அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்.

"கொழந்தையை எங்க படுக்க வைப்பீங்க? அந்த டாய்லெட்டுலயா? அதுலயும் செடி இருக்கே. பிரசவம் எங்க வீட்டுலயே ஆகட்டும்."

கமலா அக்கா அன்று அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. "எம்பொண்ணு இங்க வரணும். இல்ல, இந்தச் சாமான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஊர் சாமானுக்கெல்லாம் வாதாடிய மனிதர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "வித்யா வரட்டும்" என்றார்.

வளைகாப்பு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து சாமான்களை வாசலில் அடுக்கினோம். சார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பத்து வருஷம் ஓடும் என்று எதற்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பும்போது சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "துரை வந்தா நீங்களே ஏத்தி விட்டுடுங்க சார். நான் இருந்தா நடக்காது."

லாரி வந்தது. சார் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்ததைத் துரை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாத்தையும் ஏத்திக்கோ துரை" என்றேன்.

"இன்னா சார், காலைலயே காமெடி பண்ற? சாரு பொருளைப் போய் தூக்கச் சொல்ற?"

"அவரேதான் சொல்லிட்டுப் போனார்."

"அவுரா? சொம்மா இரு சார். வூட்ட கழுவ வெளிய வச்சிகீறாரு. நான் எட்த்துகினு போனா, அந்த மன்ஷன் துண்டோட பின்னாடியே வருவாரு. அப்பால யாரு திருப்பிக் கொண்டாந்து வுடறது? பேஜாரு."

"வேணும்னா போன் போட்டுக் கேளு."

துரை போன் போட்டார். குன்றத்தூரில் சாரின் சட்டைப் பையில் அது சத்தமில்லாமல் அடித்து ஓய்ந்தது. "பாத்தியா, எடுக்கல" என்று துரை எனக்கே தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டாரா? லாரி மேலே நின்றிருந்தவரிடம் "அந்த இரும்புக் கட்டில எறக்குபா" என்றார். கட்டில் இறங்கியது. கண்ணாடி வைத்த அலமாரி ஒன்றும் பின்னாலேயே இறங்கியது. "சாருக்குன்னே எட்த்து வச்சது. தொரை குட்த்தான்னு சொல்லு" என்று சலாம் வைத்துவிட்டு லாரி போய்விட்டது. குவியல் இப்போது முன்பைவிட உயரமாக இருந்தது.

பதினோரு மணிவாக்கில் கமலா அக்கா என் மனைவிக்குப் போன் செய்தார். "பெருங்களத்தூர் டிராபிக்ல நிக்கிறோம். ஆரத்தி கரைச்சு வைம்மா. சம்பந்தியம்மாவும் கூட வராங்க. வீட்டைப் பாத்து மனசுக்குச் சரின்னு பட்டாதான் வித்யாவை விட்டுட்டுப் போவாங்களாம்."

என் மனைவி வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேடிக்கை பாக்காம தூக்குங்க" என்றாள்.

தெரு முழுக்கத் தூக்கியது. வேடிக்கை என்னவென்றால், யாரும் யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. அவரவர் தூக்கிப் போட்டதை அவரவரே தங்கள் வீட்டுக்குத் தூக்கினார்கள். அதன் கனம் தெரியும், எந்தக் கதவில் எப்படிச் சாய்த்தால் நுழையும் என்றும் தெரியும். மாடி வீட்டுப் பையன்கள் டிரெட்மில்லைப் படியில் இழுத்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் "கர்த்தரே" என்றபடி, கற்றாழைக்கு வலிக்காமல் டாய்லெட்டைக் கட்டிக்கொண்டு போனார். துரை கொடுத்த அலமாரி எங்கள் போர்ட்டிகோவில் ஒதுங்கியது. கட்டில் நன்றாக இருந்ததால் அதை வித்யாவின் அறையிலேயே போட்டு, என் மனைவி புதுப் போர்வை விரித்தாள்.

கடைசியில் மிஞ்சியது எங்கள் மெரூன் சோபா. நான் ஒரு முனை, டீச்சர் வீட்டுக்காரர் ஒரு முனை. நடுத்தெருவுக்கு வந்திருப்போம், கார் திரும்பிவிட்டது. சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கினார்.

"இது எங்க போகுது?"

ஆரத்தித் தட்டோடு வந்த என் மனைவிதான் பதில் சொன்னாள். "நீங்க உக்கார சோபா இல்லையேன்னு எங்க வீட்டுலேர்ந்து அனுப்பறோம்மா." நாங்கள் இருவரும் அப்படியே திரும்பி, சார் வீட்டுக்குள் நுழைந்தோம்.

யோசித்தால் அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. அந்த வீட்டில் உட்கார வேறு ஒரு முக்காலிகூட இல்லை. எல்லாமே ஊராருடையதாக இருந்து, ஊருக்கே போய்விட்டது. சம்பந்தியம்மா ஹாலில் நின்று பேசினால் எதிரொலித்தது. அறையையும் கட்டிலையும் பார்த்தார். முகம் இளகியது. திரும்பி வந்து, நேராகச் சோபாவின் நடு சீட்டை நோக்கி நடந்தார்.

சார் எங்கிருந்து பாய்ந்தார் என்று தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு அடி முன்னால் போய்த் தொப்பென்று நடுவில் உட்கார்ந்து, "நீங்க இப்படி ஓரமா, காத்து வரும்" என்றார். சம்பந்தியம்மா ஓரத்தில் உட்கார்ந்தார். காபி வந்தது. பலகாரம் வந்தது. மாப்பிள்ளையின் வேலை, குன்றத்தூர்த் தண்ணீர், டாக்டரம்மாவின் கைராசி எல்லாம் பேசி முடிக்கிற வரைக்கும் சார் அசையவில்லை. சிரித்த முகம், நெற்றியில் மட்டும் வேர்வை.

"நல்ல கெட்டி சோபா" என்றார் சம்பந்தியம்மா.

"இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார் சார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதில் ஸ்பிரிங்கின் பங்கு எவ்வளவு, மகளின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

"சரி, வித்யா இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கிளம்பினார். கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் சார் எழுந்தார். நாங்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வித்யாவுக்குப் பெண் குழந்தை. இப்போது தாத்தாவின் காதிலிருந்து ஸ்குரூ டிரைவரைப் பிடுங்குகிற வயசு. அன்று நாங்கள் தூக்கிய சாமான்கள் இன்னும் எங்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. மறுபடி வாசலில் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அடுத்த வருஷம் எனக்கும் ரிட்டையர்மென்ட். முழு நாளும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சனிக்கிழமை லாரிக்குப் போன் போட்டுவிடுவதாக என் மனைவி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போடட்டும். என்னை வாசலில் வைத்த அடுத்த நிமிஷம், மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர் வருவார். என்ன தப்பு பண்ணினார் என்று அவளைக் கேட்பார். என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சொல்லி, உள்ளே கூட்டிக்கொண்டு போவார். அந்த தைரியத்தில்தான் நான் இந்தத் தெருவில் இருக்கிறேன்.