மும்தாஜ் ராத்தா வீட்டுக் கண்ணாடிச் சன்னல்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த ஆளை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. இது அந்த ஆளுக்கு ரொம்பக் கெடுதல். நெடுங்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் எஞ்சினியரிங் முடித்ததும் நான் சொன்னதுதான் சட்டம். (மாட்டுக்கு வயிறு சரியில்லை என்றாலும் "எஞ்சினியர் பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்க" என்பார் அப்பா. நானும் கூசாமல் வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.)

இந்தத் திமிரோடுதான் தனியாக எடுத்த முதல் வேலைக்குக் காரைக்கால் போனேன். மும்தாஜ் ராத்தாவின் (அங்கே அக்காவை ராத்தா என்பார்கள்) வீடு பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். ஆளுயரச் சன்னல்கள், கதவுகளில் கண்ணாடிக்குப் பதில் சாய்வாக அடுக்கிய மெல்லிய மரப்பட்டைகள். ஏசி போட்டால் குளிர் அந்த இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்விடும். துபாயிலிருந்த அவர் கணவர் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, "தெருவுக்கும் சேத்து ஏசி போடுறியா?" என்று கேட்டாராம்.

"ரெட்டைக் கண்ணாடி போட்டுடலாம் ராத்தா" என்றேன்.

"பட்டை வழியா தெருவுல போறவங்கள நாங்க பார்ப்போம்மா. அவங்களுக்கு எங்களத் தெரியாது. கண்ணாடி போட்டா?"

"வெயிலத் திருப்புற பிலிம் ஒட்டிட்டா, வெளியேருந்து பார்க்கிறவங்களுக்கு அவங்க மொகம்தான் தெரியும். நான் கேரண்டி."

சொன்னபடியே ஆயிற்று. வீடு குளிர்ந்தது. தெருவில் போனவர்கள் சன்னல் முன் நின்று தலைவாரினார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் பல்லைக் காட்டிப் பரிசோதித்துக்கொண்டார். உள்ளே வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிரித்தார்கள். சத்தம்கூட வெளியே போகாது.

பிறகு ராத்தா மகள் ஆயிஷாவைப் பெண் பார்க்க நாகூரிலிருந்து வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார் ராத்தா. ஆயிஷாவுக்கு மாப்பிள்ளையை போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சம்மதிப்பதுதான் பாக்கி. மஹ்ரிப் தொழுகை முடிந்து இருட்டும் நேரம், வீடு முழுக்க விளக்குப் போட்டிருந்தோம். கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. எல்லோரும் சன்னலுக்கு ஓடினோம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலை இறக்கி, யோசித்து, மறு காலை இறக்கினார். நான் அப்படியே நடித்துக் காட்டினேன். ஆயிஷா துப்பட்டாவை இழுத்துவிட்டு அவர் போலவே வியர்வை துடைத்தாள். அந்த அம்மா நின்று எங்களையே பார்த்தார்.

"நம்மளத்தான் பார்க்கிறாங்களோ?" என்றார் ராத்தா.

"அவங்க மொகத்தப் பார்க்கிறாங்க ராத்தா" என்று விளக்கிவிட்டு, நிரூபணமாக, வருகிற அளவுக்கு நாக்கை நீட்டினேன்.

அந்த அம்மா மகனைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். டிரைவர் கையாட்டினார். (அப்போதும் அவர் தன் பிம்பத்துக்குத்தான் ஆட்டுகிறார் என்று நம்பினேன். படிப்பு அவ்வளவு சுலபமாக விடாது.) மாப்பிள்ளை நேராக ஆயிஷாவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தபோதுதான் அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். எனக்கும் பாடப்புத்தகம் நினைவுக்கு வந்தது: எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் காட்சிப்பொருள்.

ராத்தா பதறி எல்லா விளக்கையும் அணைத்தார். விருந்தாளிகள் கும்மிருட்டில் சலாம் சொல்லியபடி நுழைந்தார்கள். யாரோ ஸ்டூலில் இடித்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாவின் குரல்:

"வர்றவங்கள நாங்களும் வேடிக்கை பார்ப்போம். ஆனா லைட்ட முன்னாடியே அணைச்சிருவோம்."

இருட்டில் ஆயிஷாதான் முதலில் சிரித்தாள். அடுத்துச் சிரித்தது அந்த அம்மா.

நிக்காஹ் நடந்தது. பழைய மரப்பட்டைக் கதவுகளைக் கண்ணாடிக்கு உட்புறம் திரும்ப மாட்டினேன். குளிரும் உள்ளேயே நின்றது, மறைவும் கிடைத்தது. மரியாதைதான் திரும்பவில்லை. ஆயிஷாவின் மகனுக்கு இப்போது பேச்சு வந்துகொண்டிருக்கிறது. நான் போனால் போதும், அவள் மாமியார் அவனை மடியில் இருத்தி, "எஞ்சினியர் ஆன்ட்டி எப்படி வேலை பார்ப்பாங்க?" என்று கேட்பார்.

அவன் வருகிற அளவுக்கு நாக்கை நீட்டுவான்.