எருமையைத் தாங்கும் கருவி

எருமைக்கு எதுவும் உறைக்காது என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவிவருகிறது. நன்கு கற்றவர்களும் இதைக் கூசாமல் சொல்கிறார்கள். பெரும்பிழை. அதைத் திருத்தவே இந்தக் கதை.

ஒரு காட்டில் கரடி முதலாளி ஒன்று உப்பு லாரிகள் ஓட்டிவந்தது. எந்த லாரி எங்கே நிற்கிறது என்று குகையில் உட்கார்ந்தபடியே பார்க்க அதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. பொறியாளர் உடும்பு செய்துகொடுத்தது. ஓட்டுநர் எருமையின் லாரியில் மாட்டினார்கள். அன்றைக்கே கருவி செத்தது.

"குலுக்கல், தம்பி. ரோடா அது? ஆடி ஆடி உதிர்ந்துபோச்சு," என்றது எருமை.

உடும்பு அடியில் ரப்பர் வைத்தது. அடுத்த கருவி வெயிலில் வெந்துவிட்டதாம். கூரை போட்டது. அதற்கடுத்தது புழுதி குடித்ததாம்.

"இன்னொண்ணு செத்தா நீயும் மூட்டையைக் கட்டு," என்றது கரடி.

உடும்பின் வீட்டில் முட்டைகள் பொரியக் காத்திருந்தன. புதுக் கருவியை மாட்டிவிட்டு, தானும் லாரியின் அடியைப் பற்றிக்கொண்டு கிளம்பியது. குலுக்கல் வந்தது, கருவி அசையவில்லை. வெயில் வந்தது, புழுதி வந்தது, ஒன்றும் ஆகவில்லை. குளம் வந்தது. எருமை இறங்கி, கருவியைக் கழற்றிக் கல்லில் வைத்து, குளம்பால் ஓங்கி மிதித்துவிட்டுச் சேற்றில் போய்ப் படுத்தது.

"அண்ணே!" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தது உடும்பு.

எருமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "செத்த நேரம் ஊறினா, 'எங்கடா நிக்கிறே'ன்னு முதலாளி போன் பண்றாரு. மனசு வலிக்குதுப்பா. வெயிலைத் தாங்கும், மழையைத் தாங்கும்னு பாத்துப் பாத்துச் செஞ்சியே, என்னைத் தாங்குமான்னு யோசிச்சியா?"

உடும்பு யோசித்தது. குளத்தருகே லாரி நின்றால், சாலையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருப்பதாகக் காட்டும்படி ஒரு கருவி செய்தது. எருமை அதற்கு எலுமிச்சம்பழம் கட்டி, தினமும் வாலால் துடைத்துவைத்தது. கருவி சாகவே இல்லை. கரடி மகிழ்ந்து எல்லா லாரிகளுக்கும் அதையே மாட்டியது.

பிறகு திரையைப் பார்த்தது. குளத்தருகே எந்நேரமும் நெரிசல்.

"பாவம், பிள்ளைங்க எப்படித்தான் ஓட்டுறாங்களோ!" என்று மனமிரங்கி, குளத்தை மூடி அகலமான சாலை போட்டது.

மறுநாள், கண்ணாடிபோல் வழவழத்த அந்தச் சாலையில், எல்லாக் கருவிகளும் குலுக்கலில் உதிர்ந்துபோயின. உடும்பு மூட்டை கட்டியது. உள்ளே முட்டைகள் இருந்ததால் கொஞ்சம் தளர்வாகக் கட்டியது.

நீதி: கடுஞ்சூழலைத் தாங்கும் கருவி வேண்டுவோர், முதலில் அந்தச் சூழல் குளிப்பதற்கு ஒரு குளத்தை விட்டுவைக்க வேண்டும்.