ஏழு விரல் யட்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிற கூட்டத்தில் பாதி, தலையைக்கூடத் துவட்டாமல் அடுத்த வளைவில் இருந்த தகரக் கொட்டகைக்கு ஓடியது. அங்கேதான் நூலாசான் சுயம்புராஜ் பேயை அளந்து சொன்னார். ஆமாம், அளந்துதான். மற்ற மந்திரவாதிகள் பேய் உண்டு, இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எத்தனை விரல் நீளம் என்பதையும் சொல்லிவிடுவார். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது அல்லவா!

குளச்சலிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வடசேரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார்கள். சுவரில் முருகனும் சிலுவையும் பிறையும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினார்கள். எந்தப் பேய் எந்த மதமோ, வருகிற வாடிக்கையை விடலாமா?

காலை ஆராதனை முடிந்த கையோடு ஜெஸ்பின் வரிசைக்கு வந்திருந்தாள். இது மூன்றாவது ஞாயிறு. மார்த்தாண்டத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். கணவன் ஷாஜன் மஸ்கட்டில். கூட வந்தது மாமியார் லீலாபாயும் மகள் பிரீனாவும். பிரீனாவுக்கு எட்டு வயது. அதற்குள் வரிசையை நாலு முறை சுற்றி, ஒருவர் குடையை விரித்து, இன்னொருவர் செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

நாகர்கோவில் டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லியிருந்தார். பிள்ளைக்குப் புத்திக்குக் குறைவில்லை, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதுதான் பாடு. மாத்திரை, பயிற்சி, நிறையப் பொறுமை என்றார். பாவம், பிழைக்கத் தெரியாத டாக்டர். பொறுமையாக இருங்கள் என்பவருக்கு யார் மாலை போடுவார்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் ஒரு புகார். 'வளர்ப்பு சரியில்ல' என்று சொந்தக்காரர்கள். ஜெஸ்பினுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. பேயாக இருந்தாலும் தேவலை, விரட்டினால் போய்விடுமே என்று நினைக்கிற அளவுக்கு.

"பாஸ்டருக்குத் தெரியாண்டாம், கேட்டியா," என்றாள் லீலாபாய். "அவருக்க ஜெபமும் நடக்கட்டு, இதும் நடக்கட்டு."

ஆசானின் வைத்தியம் சுருக்கமானது. பிள்ளையைப் பலகையில் படுக்க வைப்பார். உச்சந்தலையிலிருந்து மஞ்சள் நூலை வைத்துக் குதிகாலோடு அறுப்பார். கண்ணை மூடி முணுமுணுப்பார். அதே நூலைத் திரும்ப வைத்தால் குதிகாலைத் தாண்டி ஏழு விரல் நீண்டிருக்கும்! உள்ளே இருக்கிறவளின் நீளமாம் அது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"ஏ.டி.எச்.டி.யா? அது வெள்ளக்காரன் வச்ச பேரு," என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். "நம்ம ஊருல அவளுக்குப் பேரு துள்ளல் யட்சி."

இரண்டாம் வாரமும் ஏழு விரல். "மாத்திர குடுக்குதியா? அதான். யட்சி அதத் தின்னு தடிக்கா." தீர்ப்பும் வந்தது. மாத்திரை கூடாது. பள்ளிக்கூடம் கூடாது. நாற்பத்தொரு நாள் பிள்ளையைக் கொட்டகைத் தூணில் கட்டிப்போட வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஷாஜனும் போனில் சம்மதித்துவிட்டான். கட்டப்போவது அவனை இல்லையே.

ஆகவே இன்று லீலாபாய் கையில் பிரீனாவின் துணிப்பை. தூணில் கயிறு தயாராகத் தொங்கியது. கயிற்றைப் பார்த்ததும் பிள்ளையின் ஓட்டம் நின்றது.

"அம்மா, நான் அனங்காம, அசையாம இருக்கேன். சத்தியமா இருக்கேன். கட்டாண்டாம்மா."

ஜெஸ்பின் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு தடவை அளக்க, பிரீனாவைப் பலகையில் படுக்க வைத்தார்கள். நூலின் நுனியைப் பிடிக்கும் உதவியாள் மத்தியாஸ் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். "தலப்பக்கம் நீ பிடி," என்று ஆசான் நூலை ஜெஸ்பினிடம் நீட்டினார். பாவம், தையல்காரியின் விரலிடம் கொடுத்துவிட்டார்.

விரல் பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் கவுனில் மார்ப்பக்கம் சுருக்கு வைக்க மெஷின் பாபினில் சுற்றுகிற எலாஸ்டிக் நூல். மஞ்சளில் முக்கி எடுத்திருக்கிறார்கள். போன கிறிஸ்துமசுக்கு அவளே எட்டு கவுன் தைத்திருக்கிறாள். அவமானத்தில் முகம் சுட்டது. அப்புறம் கோபம் வந்தது.

"ஆசானே, ஒரு சம்சயம்," என்றாள் எழுந்து. "நாப்பத்தொரு நாளு பிள்ளையக் கட்டப் போறோம். இந்தத் தூணுல ஏதாவது இருந்தா என்ன செய்ய?"

"தூணுலயா?"

"நியாயந்தானே!" என்றது கூட்டம். "அளந்துருங்க ஆசானே, நமக்கும் நிம்மதி," என்றாள் லீலாபாய், மனசாரவே.

ஆசான் வாய் திறப்பதற்குள் ஜெஸ்பின் நூல்கண்டை எடுத்துவிட்டாள். ஒரு நுனியைத் தூணின் அடியில் மாமியாரிடம் கொடுத்தாள். தன் தலை உயரத்தில் அங்கிருந்த குங்குமத்தால் ஒரு கோடு போட்டு, கோட்டோடு நூலை அறுத்தாள். ஆசானைப் போலவே கண்ணை மூடி முணுமுணுத்தாள். திரும்பப் பிடித்தாள்.

கோட்டுக்கு மேலே ஏழு விரல்!

"கர்த்தாவே! தூணுக்குமா?" லீலாபாய் அலறினாள்.

"பிடி விடாதீங்க மாமி," என்றாள் ஜெஸ்பின். கையைத் தளர்த்தினாள். நூல் கோட்டுக்கு இறங்கியது. "யட்சி போனா." இழுத்தாள். "யட்சி வந்தா." அடுத்து ஆசானின் காணிக்கை உண்டியலை அளந்தாள். "இதுக்கு மூணு விரலுதான். குட்டி யட்சி."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்கு நூலை அறுத்து இழுக்க ஆரம்பித்தார்கள். பெஞ்சுக்கு யட்சி, குடைக்கு யட்சி, பிரீனா பிடித்துக்கொண்டு வந்த கோழிக்கும் யட்சி.

"தீட்டாயிட்டு! நூலு தீட்டாயிட்டு!" என்று கத்திக்கொண்டே ஆசான் பின்பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. லீலாபாய் தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்து ஓடைப்பக்கம் எறிந்தாள்.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் கவலையோடு கேட்டாள்: "அப்போ மோளே, வேற நல்ல ஆசான் எங்க உண்டு?"

ஜெஸ்பினுக்குத் தாங்கவில்லை.

"இன்னும் ஒருத்தனா? இத்தன ஆளுவ இத்தன நாளு நின்னியளே, நானும்தான் நின்னேன். ஒரு முழம் நூல இழுத்துப் பாக்கணும்னு நமக்கு யாருக்கும் தோணல்லியே! பிள்ளையளக் கட்டிப்போடதுக்கு முன்ன, நாம கட்டிப்போட்டு வச்சிருக்க மூளைய மொதல்ல அவுத்து விடுங்க."