அருண்பாண்டியின் வண்டிச் சத்தம்

"இந்தச் சத்தத்தோட மலையேறுனீன்னா ஒங்க ஆத்தா ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிரும் மாப்ளே" என்றான் மெக்கானிக் பால்பாண்டி.

வண்டி ஆமாம் என்பதுபோல இருமியது. பின்னாலிருந்து கரும்புகை கிளம்பி, போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போன ஒருத்தர் வெள்ளை வேட்டியில் படிந்தது. அவர் திட்டிய திட்டு, வண்டியைக் கொண்டுவந்து நின்ற ஜெகதீஷ் காதில் ஏறவே இல்லை. அவன் கவலை அவனுக்கு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இருட்டுவதற்குள் போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆத்தா குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருக்கும் வளைவில் இந்த வண்டி போயாக வேண்டும். அதுவும் பழைய சத்தத்தோடு.

வண்டி அவன் அண்ணன் அருண்பாண்டியுடையது. ஊர் ஊராய்ச் சுற்றுவதற்கென்றே செய்த, ரெண்டு பக்கமும் பெட்டி வைத்த பழைய பெரிய பைக்கு. அதை வாங்கி வந்த அன்றே ஆத்தா மருதாயிக்கும் அருண்பாண்டிக்கும் முட்டிக்கொண்டது. "பொண்ணு பாத்துட்டு வாடான்னா இரும்பப் பாத்துட்டு வந்து நிக்கிறியே!" என்று ஆத்தா கத்த, "இனிமே ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று அவன் கிளம்பிவிட்டான். கிளம்பினவன் சும்மா இருந்தானா? வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வளைவுக்கு வருவான். வேகத்தைக் குறைத்து ரெண்டு தடவை ஹாரன் அடிப்பான், போய்விடுவான். ஆத்தாவும் சரியாக அந்நேரத்துக்கு விறகு பொறுக்குகிற சாக்கில் ரோட்டுக்கு வந்து நிற்கும். ஒரு வார்த்தை பேசாது. வீம்பில் தாய்க்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

அந்த அருண்பாண்டி போன மாசியில் செத்துப்போனான். வெளியூரில் லாட்ஜில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஆத்தா அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து கிடந்தது. "சின்ன அதிர்ச்சிகூடத் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெகதீஷ் அண்ணனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, சாயங்காலமே ஆத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு எதிரிக்கும் வரக்கூடாது.

ஆத்தா திரும்ப லயத்துக்குப் போனதும் வெள்ளிக்கிழமை வந்தது. வேறு வழியில்லாமல் ஜெகதீஷ் அண்ணன் வண்டியை எடுத்தான். அண்ணன் ஜாக்கெட்டு, அண்ணன் ஹெல்மெட்டு. அருண்பாண்டி ஆள் ஜம்மென்று இருப்பான், இவன் ஒல்லிக்குச்சி. அதனால் தோளுக்குள் ஏலக்காய்ச் சாக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டான். வளைவில் ரெண்டு ஹாரன் அடித்தான். ஆத்தா நின்றது. அன்றிலிருந்து இதே பிழைப்பு.

மகன் ஜெகதீஷாக மட்டும் அவன் அந்த லயத்துப் பக்கம் போவதே இல்லை. போனால் ஆத்தா முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் உடைந்துவிடுவான். போனில் கூப்பிட்டால், "கம்பெனியில சோலி ஜாஸ்தி ஆத்தா, அடுத்த வாரம் வர்றேன்" என்பான். ஆத்தாவும் சரிப்பா என்று வைத்துவிடும்.

"ஏர் ஃபில்டரு அடைச்சுருக்கு" என்றான் பால்பாண்டி. "மலை ரோட்டுத் தூசி பூராம் இதுலதான் இருக்கு. வண்டி மூச்சு விட முடியாமத் தவிக்குது. புதுசு மாத்தணும். ஆனா இந்த வண்டிக்கு இங்க கிடைக்காது, வெளியூர்ல சொல்லித்தான் வாங்கணும்."

"எப்ப வரும்?"

"அடுத்த வாரம்."

"ஆத்தா இன்னைக்கு நிக்குமேய்யா!"

ஜெகதீஷ் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு தான் வேலை பார்க்கும் ஏலக்காய் கம்பெனிக்கு ஓடினான். மூட்டை மூட்டையாய்க் காயைத் தட்டி, புடைத்து, காயவைத்துப் பழகின கை. ஒரு காகித ஃபில்டரைச் சுத்தம் பண்ணுவது பிரமாதமா? சோப்புத்தூள் போட்டு அலசினான். அலசினதை, ஈரக்காய் உலர்த்தும் சூட்டறையில், காய்க்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

வெளியே வந்தபோது அது பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தது. வாசம் மட்டும் முதல் தரம்.

"என்ன மாப்ளே இது?" என்றான் பால்பாண்டி.

"மாட்டுய்யா, வெரசா."

மாட்டினார்கள். வண்டி கிளம்பியது. தெருமுனையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரு வீட்டுல விசேஷம், பாயச வாசம் தூக்குது?" என்றாள். ஜெகதீஷ் பதில் சொல்வதற்குள் மொறுமொறுத்த காகிதம் ஒடிந்து உள்ளே போய், வண்டி விக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

பால்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். துண்டுகளையெல்லாம் நோண்டி எடுத்தான். வேறு வண்டியின் ஃபில்டர் ஒன்றை அறுத்து, இடைவெளியில் நாற்றங்காலுக்குப் போடும் பச்சை வலையைச் சுருட்டித் திணித்தான். இப்போது வண்டி குக்கர்போல விசிலடித்தது.

"ஆத்தா சோறு வெந்துருச்சுன்னு நெனைக்கும்" என்றான் ஜெகதீஷ். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. "அண்ணன் வண்டி எப்படிப் பேசும்னு அதுக்கு மனப்பாடம்யா. வேற சத்தம் கேட்டா, இது எம்பிள்ளை இல்லன்னு சொல்லிரும். அப்புறம் எங்க எம்பிள்ளைன்னு கேக்கும். நான் என்னத்தச் சொல்லுவேன்?"

பால்பாண்டி பச்சை வலையை உருவி எறிந்தான். "ஃபில்டரே இல்லாம ஓட்டு. இன்னைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும். சத்தம் லாரி மாதிரி வரும். வளைவுல ரோடு சமமா இருக்கும், அங்க வந்ததும் கிளட்ச்சப் புடிச்சு, உருட்டிக்கிட்டே போயிரு. ஹாரன் பழைய ஹாரன்தான?"

யோசனை நல்லாத்தான் இருந்தது. ஆனால் வண்டிக்கும் அது பிடிக்க வேண்டுமே! ஏற்றத்தில் ஏற ஏற அது கர்ஜித்தது. திருப்பத்துக்குத் திருப்பம் டமார் என்று வெடித்தது. ரோட்டோரக் குரங்குக் கூட்டம் குட்டிகளை அள்ளிக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப்புக்காரர் ஒருவர், "என்னப்பு, வேட்டு மட்டும் போட்டு வர்றீக, கொட்டுமேளம் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வளைவு வந்தது. ஆத்தா நின்றது. பக்கத்தில், லயத்தில் அடுத்த வீட்டு சூர்யகலா. விசயம் தெரிந்தவள். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று ஜெகதீஷுக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்தவள்.

ஜெகதீஷ் கிளட்சைப் பிடித்தான். வண்டி கடைசியாக ஒரு டமார் போட்டு, ஆத்தாவுக்கு நேர் எதிரில் வந்து அணைந்துபோனது. பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினான். ஹாரன்கூட ஈனமாக முனகியது.

ஆத்தா நடந்து வந்தது.

அவனுக்கு உசுரே இல்லை. ஹெல்மெட்டோடு சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

"வண்டி மக்கரு பண்ணுதா?" என்றது ஆத்தா.

ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது.

"மத்தியானம் சாப்புட்டியா?"

ஆடியது. பொய். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை. குனிந்த குனிப்பில் தோளுக்குள்ளிருந்த சாக்குத் துணி நழுவி ரோட்டில் விழுந்தது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான். ஆத்தா அதை எடுத்துத் தட்டி, நாலாய் மடித்து அவன் மடியில் வைத்தது.

"எறங்கையில பனி எறங்கும். உள்ள வச்சுக்க."

நம்பிவிட்டது என்று அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

"கட்டன் போட்டுக்கொண்டாந்துருக்கு ஆத்தா" என்று சூர்யகலா தூக்குச்சட்டியிலிருந்து கருப்பு டீயை ஊற்றி நீட்டினாள். வாரா வாரம் கொண்டு வருகிறதாம். இவன்தான் நிற்பதே இல்லை. ஜெகதீஷ் டம்ளரை வாங்கிக்கொண்டு திருதிருவென்று முழித்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் எந்த வழியாகக் குடிப்பது?

ஆத்தா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

"நான் அங்கிட்டுப் பாத்துக்கிறேன். ஆறிரும், நீ குடி."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குடித்தான். ரெண்டே வாரம் முன்னால் போனில் கேட்ட குரல்தான்; ஆனால் இத்தனை பக்கத்தில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது ஆத்தாவுக்கு. சேலைக்கு மேல் பழைய ஸ்வெட்டர், பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது. ஆத்தா என்று கூப்பிட வாயெடுத்தான். கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. அதையும் சேர்த்துக் குடித்தான்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, "பாத்துப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆத்தா செடிகளுக்கு நடுவே லயத்துக்கு இறங்கிப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

அது மறைந்ததும்தான் ஜெகதீஷ் ஹெல்மெட்டைக் கழற்றினான். வேர்வையும் கண்ணீருமாய் முகம் ஊறிப்போயிருந்தது. சூர்யகலா வண்டியைப் பின்னாலிருந்து தள்ளத் தோதாய்ப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பிச்சோம் சூர்யகலா" என்று பெருமூச்சு விட்டான். "புது ஃபில்டரு வந்துரட்டும், சத்தத்தச் சரி பண்ணிர்றேன். அடுத்த வாரம் ஆத்தாவுக்கு ஒரு சந்தேகமும் வராது."

சூர்யகலா தள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

"சத்தத்த விடுண்ணே. அருண்ணே போனது ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரியிலயே, தொப்பிக்குள்ள ஒன் மொட்டையப் பாத்தே தெரியும். அண்ணன் வேசத்துலயாச்சும் மிச்சமிருக்குற மகன் வாரத்துக்கு ஒருக்கா கண்ணுல படுறானேன்னுதான் வந்து நிக்குது."