அபிக்கு அனுப்பிய அவசரச் செய்தி

பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. சுப்பிரமணியம் மணியாவார், பரமேஸ்வரி பரமுவாவாள். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, நான் கணினியைத் தொடும் வரையில்.

எண்பதுகளின் கடைசி. நான் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை இறுதியாண்டு. (கணினி என்றால் கால்குலேட்டரின் அண்ணன் என்று எங்கள் எஸ்டேட் நம்பிய காலம்.) எதைப் பார்த்தாலும் "இத அமுக்குனா என்னாகும்?" என்று கேட்கும் வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. என் விரிவுரையாளர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மடிக்கணினியைக் கண்டதும் வியாதி முற்றிவிட்டது. பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். டெலிபோன் வழியாக வளாகக் கணினியோடு பேசும் என்றார். கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி, மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

இன்று என் மகன் கையகல லினக்ஸ் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறான். அன்று லினக்ஸ் பிறக்கவே இல்லை. அதற்குப் பெரியப்பா முறையாகும் யூனிக்ஸ்தான் வளாகத்தில் ஓடியது. நடுவில் ஒரு பெரிய கணினி, கட்டடத்துக்குக் கட்டடம் அதோடு கம்பியால் பிணைத்த திரைகள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துதான் அதில் நம்முடைய பெயர்.

என் அறைத்தோழி அபிராமி, சுங்கை சோ ஊர்ப் பெண். அவள் பிறந்ததும் பதியப் போன அவள் அப்பா வாய் நிறைய "அபிராமி" என்றிருக்கிறார். தமிழில் இருப்பதோ ஒரே ஒரு 'ப'. அதை B என்று எழுதுவதா P என்று எழுதுவதா என்று அவருக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. P விழுந்தது. ஆக, வளாகக் கணினியில் அவள் பெயர் API. எனக்கு அவள் எப்படி எழுதினாலும் அபிதான்.

திருவிழாவன்று மாலை ஐந்து மணிக்குள் என் இறுதியாண்டு அறிக்கை விரிவுரையாளர் மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டு பட்டம் இல்லை. எங்கள் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்த அப்பா, பட்டமளிப்புக்குப் போட்டுக்கொள்ள சப்பாத்துகூட வாங்கிவிட்டார். ஊரிலிருந்தே ஆணை கொடுத்தால் அறிக்கை லேப்புக்கு வெளியே இருக்கும் அச்சறையில் அச்சாகும். அபி எடுத்துக்கொண்டு ஓடிக் கொடுக்க வேண்டும். "நான் லேப்லயே இருக்கேன்டீ, நீ மெசேஜ் மட்டும் போடு" என்று சத்தியம் செய்திருந்தாள்.

டெலிபோன் இருந்தது எஸ்டேட் ஆபிஸில். ரிசீவரை மடிக்கணினியோடு வந்த இரண்டு ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்துவைத்தேன். அது கீச்சிட்டது. ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி ஐயா நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

"யாரும்மா விசில் அடிக்கிறான்?"

"கம்ப்யூட்டருங்க ஐயா. கேம்பஸ்ல இருந்து பேசுது."

"நீ சாப்பிட்டியான்னு கேக்குதா?"

அறிக்கையை அச்சுக்கு அனுப்பினேன். பிறகு அபிக்குச் செய்தி போட்டேன். பதில் இல்லை. மறுபடி போட்டேன். பதில் இல்லை. (அம்மணி திரையை அப்படியே விட்டுவிட்டுக் கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.) மணி நான்கரையைத் தாண்டியது.

வளாகத்தில் இருக்கும் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் எழுத ஒரு கட்டளை உண்டு என்று படித்திருந்தேன். அழுத்தினால் என்னாகும் என்று நெடுநாளாகவே கை அரித்துக்கொண்டிருந்தது. லேப்பில் இருக்கும் யாராவது பார்த்து அவளைக் கிளப்பிவிடட்டுமே. எல்லாருக்கும் புரியட்டும் என்று நாட்டு மொழியான மலாயில் எழுதினேன். 'அபி லேப்பில் இருக்கிறாள். அவளைச் சீக்கிரம் வெளியே வரச் சொல்லுங்கள்.' டெலிபோன் இணைப்பு நத்தை வேகத்தில் போனதால், 'அவளை' என்ற சொல்லை மட்டும் மிச்சம் பிடித்தேன்.

API ADA DI MAKMAL. SURUH KELUAR CEPAT.

அனுப்பிவிட்டு, யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டேன். திரை நிறைய பெயர்கள். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டேன். பாதி இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். இன்னொரு தடவை கேட்டேன். நானும் அபியும் மட்டும் மிச்சம்! அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது இணைப்பும் செத்துப்போனது.

ரிசீவரை எடுத்து வைத்ததுதான் தாமதம், டெலிபோன் அலறியது. கிராணி ஐயா எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தனம், நான்தான்டீ அபி! லேப்ல நெருப்பாம்லா! நெருப்பணைக்க பொம்பா வண்டியெல்லாம் வந்திருச்சி. மெயின் சுவிட்ச அடைச்சிட்டாங்க. நல்ல வேளை, நான் கேண்டீன்ல இருந்தேன்!"

"ஐயோ! எங்கடீ நெருப்பு?"

"அதான் யாருக்கும் தெரியல. எல்லா ஸ்கிரீன்லயும் வந்துச்சாம், 'அப்பி'ன்னு."

பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாய்க்கு 'ஏ' வாங்கியவள் நான். 'அப்பி' என்றால் மலாயில் நெருப்பு என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. 'லேப்பில் நெருப்பு. உடனே வெளியேறச் சொல்லுங்கள்.' நான் எழுதியது அதுதான். மெயின் சுவிட்சோடு சேர்ந்து அணைந்தது அச்சு வரிசையில் காத்திருந்த என் அறிக்கையும்தான்.

செய்தியின் தலையிலேயே அனுப்பியவர் பெயர் இருந்ததால் தப்பிக்க வழியில்லை. திருவிழா முடிந்ததும் துறைத்தலைவர் எங்கள் இருவரையும் அழைத்தார். மேசையைத் தட்டி, "மானா அப்பி?" என்றார். நெருப்பு எங்கே என்று கேட்கிறார். அபி அழுதுகொண்டே எழுந்து நின்று, "சாயா, துவான்" என்றாள். நான்தான் ஐயா என்று அர்த்தம். அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சிரித்தாரே தவிர மன்னிக்கவில்லை. என் பட்டம் ஓர் அரையாண்டு தள்ளிப்போனது. அப்பாவின் புதுச் சப்பாத்து பெட்டிக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அதைவிட வலித்தது அபி என்னோடு பேசாமல் போனது. வளாகமே அவளை 'சிக் அப்பி' என்று, அதாவது செல்வி நெருப்பு என்று, கூப்பிட்டால் அவளும் என்னதான் செய்வாள்? அம்மா ஜெராம் கடல் இறாலில் சம்பல் செய்து, சமாதானத்துக்கு அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். அண்ணன் ஒரு தடவை போனான். அப்புறம் சம்பல் இல்லாமலே போக ஆரம்பித்தான்.

அபி எனக்கு அண்ணியாகிவிட்டாள். மருமகளாக வீட்டுக்குள் வந்து அவள் முதல் விளக்கேற்றக் குனிந்தபோது, அப்பா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கல்யாண வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய், திரி, தீப்பெட்டி, வாளி.

போன தீபாவளிக்கு, அண்ணிக்குப் புதிதாக வந்த மருமகள், "விளக்குக்குப் பக்கத்துல எதுக்கு அத்தே வாளி?" என்று கேட்டாள்.

அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் திரியைத் தூண்டினாள்.

"இந்த வீட்ல ஒரு படிச்ச பொம்பள இருக்காம்மா. என்னைய ஒரு தடவ கூப்பிட்டா, பொம்பா வந்துச்சி."