ஓட்டைக்கு ஒரு கும்பிடு

"இனி இந்த ஊரில் பார்வை மங்கியவரே இருக்கப் போவதில்லை!" என்று தெரு முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் பாதி தலைகீழாக இருந்தது. ஒட்டியவர் கண்ணொளியாரின் முதல் சீடராம். பார்வை முதலில் திரும்பியதே அவருக்குத்தானாம்.

என் செருப்புக் கடைக்கு நேர் எதிரே மெத்தைக் கடை. அதன் மாடிக் கூடத்தில்தான் கண்ணொளியார் எழுந்தருளியிருந்தார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, குரல் மட்டும் தேன். அவர் அருள் தரும் நாளில் மாடிப்படி முழுக்க ஆள். கண்ணில் புரை விழுந்தவர், பொடி எழுத்து தெரியாதவர், கண்ணாடி போட்டால் வயசு தெரிகிறதே என்று வருத்தப்படுகிறவர், கூட்டத்தைப் பார்த்ததும் சும்மா நுழைந்தவர்.

உள்ளே நடப்பது இதுதான். கூடத்தின் கோடியில் ஓர் எழுத்துப் பலகை. வந்தவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.

"தெரியுதா?"

"மங்கலாத் தெரியுது சாமி."

ஒளியார் ஒரு கறுப்பு வில்லையை எடுப்பார். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, வில்லை மேல் 'உஃப்' என்று ஓர் ஊது. அந்த நேரம் பார்த்து முதல் சீடர் பலகைக்கு மேலே இருக்கும் பெரிய விளக்கைப் போடுவார்.

"இப்ப இதைக் கண்ணுல வச்சுப் பாரு."

"ஐயோ, தெரியுதே! கடைசி வரிகூடத் தெரியுதே!"

கூடம் அதிரும். சிலர் அழுதே விடுவார்கள். ஒளியார் வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, காணிக்கையை வாங்கிக்கொண்டு கட்டளை போடுவார்: "இனிமே கண்ணாடி கூடாது. சொட்டு மருந்து கூடாது. டாக்டர் வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது." வாசலில் பெரிய பிரம்புக் கூடை. கண்ணாடியை அதில் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அசல் சோதனை அதற்கப்புறம் படியடியில் இருந்தது. செருப்புக் குவியலில் தன்னுடையது எது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு என்று மாட்டிக்கொண்டு போனார்கள். மீசை முறுக்கிய ஒரு பெரியவர் பூப்போட்ட பெண்கள் செருப்பில் ஜம்மென்று நடந்தார்.

"ஐயா, வில்லையை வச்சுப் பாத்து எடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"அது எழுத்துக்கு மட்டும்தான் தம்பி. செருப்புக்கு இன்னும் அருள் வரலை."

என் கடையில் வியாபாரம் சூடு பிடித்தது. அதனால் ஒளியாரைத் திட்ட எனக்கு மனசே வரவில்லை, என் மாமா அந்தப் படியில் ஏறும் வரைக்கும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். அவருக்குக் கண் அழுத்த நோய். அது பொல்லாத நோய். கண்ணாடி போட்டால் நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். ஓரப் பார்வையை மட்டும் சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும். தின்றது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. அக்கா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தினமும் மாமாவை நாற்காலியில் சாய்த்து, தாடையைப் பிடித்து ஊற்றுவாள். மாமா முரண்டு பிடிப்பார்.

"எரியுதுடி. இத்தனை நாளா ஊத்தி ஒரு எழுத்து கூடுதலாத் தெரிஞ்சிருக்கா?"

"கூடுதலாத் தெரியறதுக்கு இல்லைங்க. இருக்கறது போகாம இருக்கறதுக்கு."

"போகலைன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். மருந்து தோற்றதும் அங்கேதான். பாவம், அதை ஊற்றும்போது விளக்குப் போட ஆளில்லை, கைதட்டக் கூட்டமில்லை. ஒளியாரிடம் இரண்டும் இருந்தன. மாமா கண்ணாடியைக் கூடையில் போட்டுவிட்டுக் கழுத்தில் வில்லையோடு வந்தார். மருந்துப் புட்டி குப்பைக்குப் போனது. வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது.

மாதங்கள் ஓடின. ஒரு நாள் மாமாவிடம் முடி வெட்டிக்கொண்டு எழுந்து பார்க்கிறேன், ஒரு கிருதா காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே! கத்தரிக்கோலைப் பக்கத்து மேசையில் வைக்கப் போனார். அது நேராகத் தரைக்குப் போனது. மேசை ஒரு சாண் தள்ளி இருந்தது.

"மாமா, என் காது தப்பிச்சதே பெரிய விஷயம்."

"போடா! பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சவன் நான்."

இதை அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஓரம் போயிட்டே இருக்குடா. நடு மட்டும்தான் பாக்கி. அதுவும் போச்சுன்னா அவரு என் முகத்தைப் பாக்க முடியாதுடா."

வியாபாரமாவது மண்ணாங்கட்டியாவது!

"அந்த வில்லையில என்னக்கா இருக்கு?"

"ஓட்டை இருக்கு. எட்டாம் வகுப்புல ஊசித்துளைக் கேமரா நடத்தறேனே, அதே சமாச்சாரம். ஓட்டை சின்னதா இருந்தா சிதறி வர்ற வெளிச்சம் உள்ளே வராது. எழுத்து தெளிவாத் தெரியும். ஊதினாலும் தெரியும், ஊதலைன்னாலும் தெரியும். அட்டையில குத்திப் பாத்துட்டேன்."

"மாமாகிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே! 'உன் அட்டையில தெரியறதும் அவரு அங்கேருந்து ஊதின காத்துதான்'ங்கறாரு."

பக்தி என்றால் அது பக்தி!

அடுத்த முறை கூட்டம் கூடியபோது நானும் அக்காவும் மாடி ஏறினோம். மாமா முன்வரிசையில் இருந்தார். எங்களைக் கவனிக்கவில்லை, நாங்கள் அவருக்கு ஓரத்தில் நின்றோம். நாலைந்து பேருக்கு அருள் கிடைத்த பிறகு அக்கா முன்னே வந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். ஒளி உங்க மூச்சுல இருக்கா, இந்த ஓட்டையில இருக்கா?"

"மூச்சிலேதான் மகளே! கல்லை நீட்டு, ஊதறேன். கல்லுலயும் ஒளி வரும்!"

கைதட்டல்.

"கல்லு எதுக்கு சாமி, அட்டை போதும்" என்று அக்கா பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டை வில்லையை எடுத்தாள். அதே அளவு, அதே வட்டம். ஓட்டை மட்டும் இல்லை. ஒளியார் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தேன் குரல் கொஞ்சம் கட்டியானது.

"நம்பிக்கை இல்லாதவங்க பாத்தா தெரியாது, மகளே."

"நான் பாக்கலை சாமி. உங்க மேல உயிரையே வச்சிருக்கறவரு அதோ முன்னாடி இருக்காரு."

மாமா எழுந்தார். 'வீட்டுக்கு வா, வச்சுக்கறேன்' என்று அக்காவை ஒரு முறை முறைத்தார். பிறகு ஒளியார் முன்னால் பணிவாக நின்றார். வேறு வழியில்லாமல் ஒளியார் நீளமாக ஊதினார். விளக்கு எரிந்தது. மாமா வில்லையைக் கண்ணில் வைத்தார். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்ன தெரியுது?" என்று அக்கா கேட்டாள்.

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். "அட்டை தெரியுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. "இன்னொரு தடவை ஊதுங்க சாமி, நல்லா ஊதுங்க."

ஊதினார்.

"இப்ப?"

"அட்டை ஈரமா இருக்கு."

அக்கா ஓர் ஊசியை நீட்டினாள். "இப்ப நீங்களே குத்துங்க. யாரும் ஊத வேண்டாம்." மாமா குத்தினார். பார்த்தார். பலகையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாகப் படித்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அப்புறம் ஊசி கை மாறிற்று. கையில் கிடைத்த அட்டை, பயணச் சீட்டு, ஒளியாரின் சுவரொட்டி என்று எல்லாவற்றிலும் குத்தினார்கள். எல்லாவற்றிலும் ஒளி வந்தது.

"அப்ப என் கண்ணு?" என்றார் மாமா.

"என்னை நேராப் பாருங்க. கண்ணை ஆட்டாதீங்க. என் கை தெரிஞ்சதும் சொல்லுங்க." அவர் காதுக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டியபடி அக்கா கையை மெல்ல முன்னால் கொண்டு வந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் மாமா. கை கன்னத்தைத் தாண்டியது. "எப்பக் காட்டப் போறே?" கை மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

"எங்கேருந்து வந்துச்சு இது?"

"உங்க காதுப் பக்கத்துலேருந்து." அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

மாமா வில்லைக் கயிற்றைக் கழற்றினார். "ஏன்டி முன்னாடியே சொல்லலை?"

"தினம் சொன்னேன். உங்களுக்குத்தான் காதுலயும் ஒரு வில்லை மாட்டியிருந்துச்சு."

இந்த இடைவெளியில் ஒளியார் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்திருந்தார். மேல்படியில் காலை வைத்துத் துழாவினார். படி அகப்படவில்லை. அங்கிக்குள் கையை விட்டு, ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சாமி! கூடை இங்கே இருக்கு சாமி!" என்று கத்தினார் பூப்போட்ட செருப்புக்காரர்.

ஒளியார் கம்பி நீட்டினார். கண்ணாடி போட்டிருந்ததால், குவியலில் இருந்ததிலேயே நல்ல ஜோடியாகப் பார்த்து மாட்டிக்கொண்டு ஓடினார். துரத்த வேண்டியவர்கள் கூடையைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். தன் கண்ணாடி எது என்று பார்க்கக் கண்ணாடி வேண்டுமே!

மறுநாள் கண் டாக்டர் மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். போனது போனதுதான். மிச்சத்தை மருந்து விடாமல் ஊற்றினால் காப்பாற்றலாம் என்றார். "நாப்பது தாண்டின எல்லாரும் வருஷம் ஒரு தடவை வந்து காட்டுங்கய்யா, தெரியாமப் போனப்புறம் வராதீங்க" என்று துணைக்குப் போன எனக்கும் ஒரு பாட்டு. சலூன் கத்தரிக்கோல் இப்போது வேறு கையில். மாமா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி அவரே தலையைச் சாய்த்துக் கண்ணைத் திறந்து வைக்கிறார். "எரியுதுடி" என்கிறார். "எரியட்டும்" என்கிறாள் அக்கா. அவள் முகத்தை அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

இப்போது பக்கத்துத் தெருவில் காதொலியார் ஒருத்தர் வந்திருக்கிறாராம். சுவரொட்டி ஒட்டியது நம் பழைய முதல் சீடரேதான். இந்தத் தடவை எல்லாம் நேராக இருக்கிறது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டாராம்.

போகிறவர்கள் போங்கள், எனக்கும் செருப்பு விற்க வேண்டும். ஆனால் கும்பிடும்போது ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பி ஓரமாகப் பாருங்கள். உங்கள் சட்டைப் பைக்குள் இருப்பது யார் கை என்று தெரியும்.